கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள்



களமசேரியிலிருந்து வல்லார்பாடம் வரை நீளும் கண்டெய்னர் சாலையில் தமிழ்நாட்டுப் பதிவெண்களோடு லாரிகள் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். திருப்பூர், கோவைப் பகுதிச் சரக்குகளில் ஒரு பங்கு அவ்வழியாகவே கப்பலேறுகிறது. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை படகை நம்பியிருந்த தீவு இது. 2011 பிப்ரவரியில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் இங்கே திறக்கப்பட்டது. அதன்பின் லாரிகள் வந்தன. லாரிகளோடு நம்மவர்களும் வந்தார்கள். பூனைகளோ அதற்கு முன்பே இருந்தன. மீன் உள்ள இடத்தில் பூனை உண்டு. கிடங்கு உள்ள இடத்தில் எலி உண்டு, எலியைத் தொடர்ந்தும் பூனை உண்டு. காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியின் அரிசி, மசாலாக் கிடங்குகளைச் சுற்றிய சந்துகளில் நடந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இடவப்பாதி மழை கொட்டும் ஒரு மாலையில், நனைந்து நடுங்கும் பூனையொன்றை உங்கள் பிள்ளை சட்டைக்குள் ஒளித்து வீட்டிற்குக் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விட்ட நொடியில் அது கட்டிலுக்கடியில் பாய்ந்து, சுவர் மூலையில் ஒட்டிக்கொள்கிறது. இருட்டில் இரண்டு கண்கள் மாத்திரம் தெரிகின்றன. பிள்ளை குனிந்து, அன்பாய்க் கூப்பிட்டு, உள்ளே கையை நீட்டுகிறான். அந்தக் கை நீளும் நொடியைக் குறித்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அப்போது அவசரப்பட்டால் பூனை கடிக்கும். கடித்த பூனை அன்று இரவே தெருவுக்குப் போகும். பிள்ளை மறுநாள் ஊசிக்காக வரிசையில் நிற்பான். பொறுத்திருந்தாலோ, பெரும்பாலான வீடுகளில் காரியம் வேறுவிதமாய் முடிகிறது.

பூனை ஏன் இவ்வளவு பயப்படுகிறது? அது எலிக்கு வேட்டைக்காரன். நாய்க்கும் மனிதனுக்கும் முன்பாகவோ அதுவே இரை. இரையாகப் பிறந்த எந்தப் பிராணிக்கும் தப்பி ஓட வழியில்லாத இடமே மிகப் பெரிய ஆபத்தாகத் தோன்றும். நாம் பாதுகாப்பு என்று நினைக்கும் பூட்டிய வீடு அதற்குப் பொறி.

2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சீனாவிலிருந்து விளையாட்டுப் பொருள்களை ஏற்றி வந்த சரக்குப்பெட்டகத்தில் ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனாப் பயம் தலைக்கேறியிருந்த நாட்கள் அவை. அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்புவது என்று சுங்கத் துறையினர் முடிவுசெய்தார்கள். பீட்டா இந்தியா அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். முடிவில் பூனை அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அதிகாரிகள், சட்டங்கள், கடிதங்கள் என்று வெளியே எவ்வளவோ நடந்தன. பூனைக்குத் தெரிந்ததோ இருட்டும், பெட்டியும், அந்நிய வாசனையும் மாத்திரமே. உங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும் பூனையும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் மிகக் குறுகியது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான நாட்களில் மனிதக் கைபட்டு வளர்ந்த குட்டி பின்னாளில் மனிதரை நம்புகிறது. அந்நாட்களில் மனிதரையே காணாத குட்டி மனிதரை அஞ்சி வளர்கிறது. குட்டியின் சுபாவமும் தகப்பன் பூனையின் தைரியமும் இதில் பங்குபெறுகின்றன என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே எட்டு வாரத்திற்குள் கிடைத்த குட்டி சில நாட்களிலேயே மடியில் ஏறிவிடலாம். மூன்று, நான்கு மாதக் குட்டிக்கு வாரங்கள் ஆகும். கிடங்கின் அடியில் பிறந்து அங்கேயே முதிர்ந்த பூனைக்கு மாதங்கள் ஆகலாம். ஒருபோதும் மடிக்கு வராமலே போகவும் கூடும்.

வளர்ந்த பூனையானால், அது உண்மையிலேயே மனிதரை அறியாததா, அல்லது யாரோ வளர்த்துக் கைவிட்டதா என்று கவனியுங்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் "மியாவ்" என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதருக்காகவே. ஆகவே இரண்டொரு நாளில் உங்களை நோக்கிக் குரல் கொடுக்கும் பூனை முன்பு ஒரு வீட்டில் இருந்ததாயிருக்கலாம். குடியிருப்பவர்கள் வீடு மாறும்போது பூனையை விட்டுவிட்டுப் போவது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. முற்றிலும் பழகாத பூனை சத்தமே காட்டாது. ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், யாரோ கருத்தடை செய்து விட்ட பூனை என்று அறியுங்கள்.

குட்டிகளைக் கண்டால் உடனே தூக்கிவிடாதீர்கள். பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? எண்ணிக்கை எப்படியோ, இடம் மாற்றுவது உண்மை. தாய் இரை தேடவோ, அடுத்த குட்டியைத் தூக்கிச் செல்லவோ போயிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். குட்டி மழையில் நனைந்து குளிர்ந்தோ, காயப்பட்டோ, சாலை நடுவிலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

பூனையை வீட்டிற்குக் கொண்டுவர மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை போதும். காற்றுப் போக வழியிருக்கட்டும், மேலே ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். கோணிப்பைக்குள் திணித்துக் கட்டி வருவது கொடுமை. முடிந்தால் வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கேரளத்தில் "மிருகாசுபத்ரி" என்று பலகை தொங்கும் அரசு மருத்துவமனைகளைக் கேட்டால் அக்கம்பக்கத்தார் வழிகாட்டுவார்கள். குடற்புழு மருந்து, உண்ணி, தடுப்பூசி ஆகியவற்றைக் குறித்து அவரே சொல்வார். வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்குமானால் புதியதை இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள். பூனைகளுக்குள் பரவும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் ஒன்றுண்டு, அது குட்டிகளை இரண்டொரு நாளில் கொன்றுவிடும்.

இனி அறையைக் குறித்துப் பார்ப்போம். சிறிய அறையே சிறந்தது. முழு வீட்டையும் திறந்துவிட்டால் பூனை அலமாரியின் பின்னாலோ, பரணிலோ போய்ப் பல நாள் பட்டினி கிடக்கும். நம்மில் பலருக்கு வீடே ஓர் அறைதான் என்பதை நான் மறக்கவில்லை. அப்படியானால் ஒரு மூலையை மறைத்து, அதில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பூனை நுழையும் அளவிற்கு வாசல் வெட்டி, உள்ளே பழைய லுங்கியை விரியுங்கள். அந்தப் பெட்டியை அற்பமாக எண்ணவேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் ஒரு காப்பகத்தில் புதிதாய் வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும், மீதிக்குக் கொடுக்காமலும் கவனித்தார்கள். பெட்டி கிடைத்தவை மூன்று, நான்கு நாட்களுக்குள் மற்றவற்றைவிட வெகுவாய் அமைதியடைந்திருந்தன. ஒளிய இடமிருந்தால் வெளியே வரவே வராது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு.

ஒரு பிளாஸ்டிக் பேசினில் மணலோ மரத்தூளோ பரப்பி, ஆகாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீரையும் ஆகாரத்தையும் பெட்டிக்கு அருகில் வையுங்கள். ஜன்னல் கம்பிகளுக்கு வலை அடியுங்கள். பேசினைத் தினமும் சுத்தம்செய்ய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனையின் மலத்தின் வழியாய்ப் பரவக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால்தான் தினமும் சுத்தம் என்கிறோம். தரை துடைக்கப் பினாயில் வேண்டாம். அதிலுள்ள பொருள்கள் பூனைக்கு விஷம். வந்த நாளிலேயே கிருமிநாசினி கலந்த நீரில் குளிப்பாட்டவும் வேண்டாம்.

முதல் இரண்டு நாட்கள் நீங்கள் செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகாரத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரவில் எல்லாரும் உறங்கியபின் தின்னும். குட்டி ஒரு நாளும் பெரிய பூனை இரண்டு நாளும் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாம் நாள் முதல் அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். நின்றால் நீங்கள் பூனைக்கு ஒரு மலை. முகத்துக்கு முகமாய் உட்காராமல், சற்றுத் திரும்பி, பக்கவாட்டில் உட்காருங்கள். அதை உற்றுப் பார்க்கவேண்டாம். பூனைகளுக்குள் உற்றுப் பார்ப்பது சண்டைக்கான அழைப்பு. கையிலிருக்கும் எதையாவது தாழ்ந்த குரலில் வாசியுங்கள். வேதாகமமானாலும் சரி, பிள்ளையின் பாடப்புத்தகமானாலும் சரி, அதற்கு ஒன்றுதான். உங்கள் குரல் கேட்கிறபோது தீங்கு ஒன்றும் நேரவில்லை என்பதை அது மனத்தில் எழுதிக்கொள்ளும். கால்மணி நேரம் போதும். தினமும் அதே நேரத்தில் போவதே முக்கியம். பூனைக்கு ஆச்சரியங்கள் பிடிக்காது.

எதிர்பாராமல் கண்கள் சந்தித்தால், உறக்கம் வந்தவரைப்போல மெதுவாய் இமைகளை மூடித் திறந்து, பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். இது வேடிக்கையாய்த் தோன்றலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மனிதர் மெதுவாய் இமைத்தபோது பூனைகளும் பதிலுக்கு இமைத்தன. முன்பின் தெரியாத ஒருவர் அவ்வாறு இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோது, சும்மா நீட்டியதைவிட அதிகமாய் அருகில் வந்தன.

பின்பு ஆகாரத்தைத் தூதுவனாக்குங்கள். எந்நேரமும் தட்டில் கிடக்கும்படி வைக்காமல், காலையும் மாலையும் நேரம் குறித்து, நீங்கள் அங்கே இருக்கும்போது வையுங்கள். இன்று ஆறடி தூரம். அது தலைதூக்காமல் தின்னத் தொடங்கியபின் ஐந்தடி. ஒரு நாள் பின்வாங்கினால் நீங்களும் முந்தின நாளின் தூரத்திற்குத் திரும்புங்கள், அதில் நஷ்டமில்லை. உங்கள் அருகிலேயே தின்னத் தொடங்கியபின், நீண்ட கரண்டியின் நுனியில் மீன் துண்டை வைத்து நீட்டலாம். விரல்களை நேராய் வாயருகே கொண்டுபோவது இப்போதும் கூடாது.

தொடுவது கடைசிக் காரியம். கையைத் தாழ்த்தி, விரல்களை மடக்கி, அதன் மூக்குக்குச் சற்று முன்னே நிறுத்தி அப்படியே இருங்கள். மிச்சத் தூரத்தைப் பூனை கடக்கவேண்டும். முகர்ந்துவிட்டுக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்தது. கன்னத்தையும் தாடையின் அடியையும் மூன்று முறை தடவிவிட்டு நிறுத்துங்கள். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவராதீர்கள். வயிற்றையும் வாலையும் தொடாதீர்கள். காதுகள் பின்னால் படிந்தாலும், வால் தரையில் அடித்தாலும், கருவிழி அகன்று கறுத்தாலும் கையை மெதுவாய் எடுத்துக்கொள்ளுங்கள். இவை நகம் நீள்வதற்கு முன்னே அது கொடுக்கும் எச்சரிக்கைகள். பிள்ளைகளுக்குப் பூனையைத் தொடுவதற்கு முன் இந்த மூன்று அடையாளங்களையும் கற்றுக்கொடுங்கள். பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும்: தண்ணீர் மாற்றுவது, வாசிப்பது. தூக்குவது மாத்திரம் வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிரமத்தையும் சொல்லவேண்டும். வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும் மாலையில் முப்பது பேரும், கைத்தட்டலும், கஞ்சிராவும் பத்துக்குப் பத்து அறையை நிரப்பும்போது, புதிதாய் வந்த பூனையின் இரண்டு வார முன்னேற்றம் ஒரே பாட்டில் கரைந்துபோகும். கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டியோடு அதைச் சமையலறைக்கோ, பக்கத்து வீட்டிற்கோ மாற்றிவிடுங்கள். கூட்டத்தை நடத்தும் போதகர் ஐயாவுக்குப் பூனை ரோமம் ஒவ்வாமலிருக்கலாம் என்பதும் ஒரு காரணம்! அவ்வாறே, கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் சகுனத் தடை என்று அக்கம்பக்கத்தார் கல்லெறிவதுண்டு. சகுனம் பார்ப்பதை விட்டுவிட்ட நம் வீடுகளிலாவது கறுப்புப் பூனைக்கு இடமிருக்கட்டும்.

ஆகாரத்தைப் பொறுத்தவரை நம்மவர் செய்யும் தவறு பாலும் சோறும். வளர்ந்த பூனைகளில் பலவற்றிற்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். பூனை பிறவியிலேயே மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை அழிந்து பார்வை போகும் என்று 1975-லேயே விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தயிர்சாதத்தில் இல்லை. இங்கே கொழுவா என்று அழைக்கப்படும் நெத்திலியையோ மத்தியையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை நீக்கிக் கொடுங்கள். கோழியின் ஈரல் சிறிதளவு சேர்க்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

வீட்டில் மாமிசம் சமைக்காதவர்கள் கடைத் தீவனத்தையே நாடவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வழக்கு கொச்சியிலேயே உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், மூன்று பூனைகளை வளர்த்த ஒருவர் அவற்றிற்கு மியோ பெர்ஷியன் பிஸ்கட் வாங்கக் காரில் செல்லக் காவல்துறையிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. தம் வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை என்று கூறி நீதிமன்றத்தை அணுகினார். ஏப்ரல் 6-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவருக்கு அனுமதி அளித்தது. ஜீவராசிகளிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று சொல்லும் அரசியலமைப்பின் 51-ஏ(ஜி) பிரிவையும், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. உலகமே வீட்டிற்குள் அடைபட்டிருந்த நாளில் நீதிபதிகள் பூனைத் தீவனத்திற்கு நேரம் ஒதுக்கினார்கள் என்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மருந்து விஷயத்தில் ஒன்றை மாத்திரம் கண்டிப்பாய்ச் சொல்கிறேன். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பாதி மாத்திரைகூட அதைக் கொன்றுவிடக்கூடும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் கடியோ கீறலோ நேர்ந்தால்? ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கவேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மலையாளப் பலகைகளில் "பேவிஷபாத" என்று எழுதியிருப்பது ரேபீஸ் நோயையே. நம் நாட்டில் அது பெரும்பாலும் நாயினால் வருகிறது. ஆனால் பூனையாலும் பரவும். அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை. தோலில் போடும் ஊசியானால் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தவணை. இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். பூனை நன்றாய்த்தானே இருக்கிறது என்று காத்திருந்து பார்ப்பது கூடாது. பூனைக்கும் மூன்று மாத வயதில் ரேபீஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். ஏறக்குறைய 63 நாளில் குட்டி ஈனும். ஒரு குட்டிக்கு இரங்கிய வீட்டில் ஒரே வருடத்தில் பத்து குட்டிகள் நிற்பதைக் கண்ட வீட்டுக்காரர் வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் அவரைக் குறைகூற முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: செல்லப்பிராணிகளை முற்றாய்த் தடைசெய்யும் குடியிருப்போர் சங்க விதி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆயினும் வாடகைக்கு இருக்கிறவர் வீட்டு உரிமையாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

மாதங்கள் கடந்தும் உங்கள் பூனை கைக்கெட்டும் தூரத்திற்கு வரவில்லையென்றால், உங்கள் அன்பு குறைவுபட்டது என்று நினைக்கவேண்டாம். அதன் அந்த ஐந்து வாரங்கள் நீங்கள் காண்பதற்கு முன்பே கடந்துபோய்விட்டன. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, அது அறிந்த அதே இடத்தில் விட்டு, வாசலில் நேரம் தவறாமல் ஆகாரம் வையுங்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் தானியக் களஞ்சியங்களைத் தேடி எலிகள் வந்தன, எலிகளைத் தேடிக் காட்டுப்பூனைகள் வந்தன, வந்தவற்றில் சில தங்கிவிட்டன. இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாம் அப்பகுதிக் காட்டுப்பூனையின் வம்சம் என்பதை 2007-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. யாரும் அவற்றைக் கயிறு கட்டி இழுத்துவரவில்லை என்றே ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வாசல்வரை வந்து தின்றுவிட்டுப் போகும் பூனை அந்தப் பழைய ஒப்பந்தத்தின்படிதான் நடக்கிறது.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பூனையை ரயிலில் இழுத்துச் செல்லவேண்டாம். புது ஊரையும் பழகிய வாசனையை இழப்பதையும்விட, நீங்கள் இல்லாத பழைய அறையை அது எளிதாய்த் தாங்கும். பக்கத்து வீட்டுச் சேச்சியை ஒரு வாரம் முன்பிருந்தே உங்களோடு அறைக்குள் வந்து உட்காரச் செய்யுங்கள். அவர் குரலையும் அது அறிந்துகொள்ளட்டும். நீங்கள் உடுத்திய துணியொன்றைத் துவைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள். தீவனத்தின் அளவையும், மிருகாசுபத்ரியின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் மலையாளத்தில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.